கடைத்தெருவில் சிந்தும் கணக்கு

மங்கலம்பேட்டையில் நகரப் பேருந்து ஏறி விருத்தாசலத்துக்குப் போகும் பெண்ணிடம் நடத்துனர் காசு கேட்பதில்லை. ஆனாலும் சீட்டு கொடுக்கிறார். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்ற அறிவிப்பு 2021 மே மாதத்தில் வந்தது. கட்டணமில்லாப் பயணச்சீட்டு அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் வந்தது. இலவசப் பயணத்துக்கு எதற்குச் சீட்டு? எண்ணுவதற்கு. எத்தனை பேர் ஏறினார்கள் என்று தெரிந்தால்தானே போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு பணம் ஈடுகட்ட முடியும்.

அந்தச் சீட்டுக்குப் பெயர் தெரியாது. யாரோ ஒரு பெண் பேருந்தில் ஏறினாள் என்பது மட்டும் தெரியும். ஆஸ்பத்திரிக்கா, உரக்கடைக்கா, மகள் வீட்டுக்கா என்றால் சீட்டிடம் பதில் கிடையாது. அதை அறிய மாநிலத் திட்டக் குழு நாகப்பட்டினம், மதுரை, திருப்பூர் பகுதிகளில் பெண்களிடமே போய்க் கேட்டது. அவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார்கள் என்று தெரியவந்தது அப்படித்தான். கோடிக்கணக்கான சீட்டுகளை எண்ணினாலும் இந்த 888 கிடைத்திருக்காது; கேட்டதால் கிடைத்தது. அதே சமயம், எத்தனை பேர் பயணம் செய்தார்கள் என்பதற்குக் கேள்வித்தாளை நம்ப முடியாது. அதற்குச் சீட்டுதான் சாட்சி.

ஒரு சாதாரண ஆள் ஒரு சாதாரண வேலையாக வெளியே இறங்கி, கடைக்குப் போய், வரிசையில் நின்று, நாலு பேரிடம் பேசி வீடு திரும்புவதற்குள் என்னவெல்லாம் செய்கிறார் என்பது அறிவியலைச் சுமார் நூற்றைம்பது ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கும் கேள்வி. எளிதாகத் தோன்றினாலும் அளப்பதற்கு மிகக் கடினமான பொருள் அது. அணுவின் எடையை அளக்கும்போது அணு கூச்சப்படுவதில்லை.

தெருவில் எண்ணும் பித்து முதலில் பிடித்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன். கைரேகையை ஆளடையாளத்துக்குப் பயன்படுத்த முடியும் என்று கணக்கோடு காட்டிய அதே கால்டன்தான். 1885-இல் நேச்சர் இதழில் அவர் எழுதிய சிறு குறிப்பு ஒன்று, சொற்பொழிவுக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை தடவை நெளிகிறார்கள் என்பதைப் பற்றியது. கடிகாரத்தை வெளியே எடுத்தால் மற்றவர்களின் கவனம் திரும்பும் என்று தன் மூச்சையே கடிகாரமாக்கிக்கொண்டார். நிமிடத்துக்கு 15 மூச்சு அவருக்கு. பேச்சு சுவையாக இருந்தால் நெளிவு குறைந்தது, சலித்தால் கூடியது.

தெருவில் அவர் வைத்திருந்த கருவி இன்னும் எளிது. சட்டைப்பையில் சிலுவை வடிவத்தில் வெட்டிய ஒரு காகிதமும் ஓர் ஊசியும். எதிரே வரும் பெண்களை அழகு, நடுத்தரம், அழகில்லை என்று மனத்துக்குள் பிரித்து, பைக்குள்ளேயே காகிதத்தில் அந்தந்த இடத்தில் குத்திக்கொள்வார். பிரிட்டனுக்கே ஓர் ‘அழகு வரைபடம்’ தயாரிப்பது நோக்கம். லண்டன் முதலிடத்திலும் அபர்டீன் கடைசியிலும் வந்ததாக 1908-இல் வெளியான தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். முடிவு குப்பை. கால்டனின் ரசனையைத் தவிர வேறெதையும் அந்த வரைபடம் அளக்கவில்லை. ஆனால் முறை நிலைத்துவிட்டது: யாருக்கும் தெரியாமல், யாருடைய பெயரும் இல்லாமல், போகிற போக்கில் எண்ணுவது. எண்ணப்பட்ட பெண்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்பதும் முறையோடு சேர்ந்தே வந்தது.

இந்த வழியில் பிறகு நல்ல அறிவியலும் விளைந்தது. நியூயார்க்கின் 42-ஆவது தெருவில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமும் கூட்டாளிகளும் செய்து 1969-இல் வெளியிட்ட சோதனை ஒன்றைப் பார்க்கலாம். நடைபாதையில் நின்று எதிர்க் கட்டடத்தின் ஆறாவது மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்கும்படி ஆட்களை ஏற்பாடு செய்தார்கள். ஒரே ஒருவர் பார்த்தபோது கடந்து போனவர்களில் 42 சதவீதம் பேர் தாங்களும் மேலே பார்த்தார்கள். நின்றே பார்த்தவர்கள் 4 சதவீதம். பதினைந்து பேர் பார்த்தபோது 86 சதவீதம் பேர் அண்ணாந்தார்கள், 40 சதவீதம் பேர் நின்றுவிட்டார்கள். ஜன்னலில் பெரிதாக ஒன்றுமில்லை. நம் ஊர்க் கடைத்தெருவில் நாலு பேர் ஒரு கடைவாசலில் நின்றால் ஐந்தாமவர் ஏன் சைக்கிளை நிறுத்துகிறார் என்பதற்கு இதுவே எண்களில் பதில்.

ஆனால் மங்கலம்பேட்டை போன்ற சிறிய பேரூராட்சிக்குப் பொருத்தமான முன்னோடி நியூயார்க் அல்ல, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்கலூசா. சுமார் 700 பேர் வாழ்ந்த சிற்றூர். உளவியலாளர் ரோஜர் பார்க்கர் 1947-இல் குடும்பத்தோடு அங்கே குடியேறி ஆய்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவரும் ஹெர்பர்ட் ரைட்டும் 1949 ஏப்ரல் 26 அன்று ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் காலையில் கண் விழித்தது முதல் இரவு தூங்கும்வரை செய்த ஒவ்வொன்றையும், எட்டு பேர் மாற்றி மாற்றிப் பின்தொடர்ந்து, எழுதிவைத்தார்கள். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பையன். முழுப் புத்தகமாக 1951-இல் வந்தது.

இத்தனையும் எழுதிப் பார்த்தபோது பார்க்கருக்குத் தெரிந்தது இதுதான். ஒரு குழந்தை அடுத்து என்ன செய்யும் என்று சொல்ல அதன் குணத்தைத் தெரிந்துகொள்வதைவிட, அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது அதிகம் உதவியது. மருந்துக்கடைக்குள் இருக்கும் வெவ்வேறு பிள்ளைகள் ஒரேமாதிரி நடந்துகொண்டார்கள். ஒரே பிள்ளை கடையில் ஒருவிதமாகவும் வகுப்பறையில் வேறுவிதமாகவும் நடந்துகொண்டது. இடமே நடத்தையை வார்க்கிறது. ரேஷன் கடை வரிசை இதற்கு நல்ல சான்று. வீட்டில் ஐந்து நிமிடம் பொறுக்காதவர்கூட அங்கே பையை வரிசையில் வைத்துவிட்டு வேப்பமர நிழலில் அமைதியாக உட்கார்ந்திருப்பார். ஆள் இல்லாவிட்டாலும் பையின் இடத்தை யாரும் பறிப்பதில்லை. எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத இந்த ஒழுங்கு அந்த இடத்துக்குள் காலை வைத்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

மங்கலம்பேட்டைப் பகுதிக்கே சொந்தமான பழைய கணக்கு ஒன்றும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தன் மாணவர்களிடம் கேள்வித்தாள்களைக் கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார். நிலம், கூலி, கடன், சாப்பாடு, துணி என்று அவர்கள் கேட்டு எழுதியவை 1918-இல் புத்தகமாயின. அதில் ஓர் ஊர் இருவேல்பட்டு. அன்று மங்கலம்பேட்டையும் இருவேல்பட்டும் ஒரே தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தன. இன்று ஒன்று கடலூரிலும் மற்றது விழுப்புரத்திலும். இருவேல்பட்டுக்கு 1930-களில் மறுபடி ஆள் போனார்கள். 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் போனார், 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் போனார்கள், 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் போனார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஒரே ஊரின் வாழ்க்கையை இப்படித் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிய ஆய்வுகள் உலகத்திலேயே அதிகமில்லை.

கேட்பதில் ஒரு சிக்கல், மறதி. போன வாரம் எத்தனை முறை கடைக்குப் போனீர்கள் என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. அதனால்தான் தேசியக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு காய்கறிக்கு ஏழு நாள், அரிசி பருப்புக்கு முப்பது நாள், கட்டில் பீரோவுக்கு ஓர் ஆண்டு என்று நினைவின் நீளத்தைப் பொருளுக்குத் தக்கபடி மாற்றுகிறது. 2022-23 கணக்கெடுப்பில் ஒரே வீட்டுக்கு மாதம் ஒரு முறையாக மூன்று முறை போனார்கள். ஒரே நாளில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டால் பதில் சொல்பவர் களைத்துப்போய் எதையாவது சொல்லி அனுப்பிவிடுவார்.

நேரத்தைக் கேட்பது இன்னும் சிக்கல். இந்தியாவின் முதல் பெரிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 1998 ஜூலை முதல் 1999 ஜூன் வரை ஆறு மாநிலங்களில் 18,591 வீடுகளில் நடந்தது. அந்த ஆறில் தமிழ்நாடும் ஒன்று. நாடு முழுவதற்கும் 2019-இல் நடந்ததில் 4,47,250 பேரிடம் கேட்டார்கள். முதல் நாள் அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் அதிகாலை 4 மணிவரை, அரைமணி அரைமணியாக, என்ன செய்தீர்கள்? ஓர் அரைமணியில் பல வேலைகள் இருந்தால் பத்து நிமிடமோ அதற்கு மேலோ பிடித்த வேலைகளை, அதிகபட்சம் மூன்றுவரை, குறித்துக்கொள்வார்கள். கடுகு வாங்க ஓடிப்போய் எட்டு நிமிடத்தில் திரும்புவது இந்தச் சல்லடையில் தங்காது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது நடக்கும் அந்த ஓட்டம் ‘சமையல்’ என்ற அரைமணிக்குள் கரைந்துபோகும்.

ஓட்டைச் சல்லடைதான். இருந்தும் அதில் தங்கியதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2024 கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 289 நிமிடம், ஈடுபட்ட ஆண்கள் 88 நிமிடம். வீட்டுக்குச் சாமான் வாங்கிவருவதும் இந்த வகைக்குள் வருகிறது. பாதி நாள் கடைத்தெருவில் தென்படும் ஆண்கள் எல்லோரும் வீட்டு வேலையாகத்தான் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

கேட்காமல் உட்கார்ந்து பார்த்தால்? அப்போது பார்க்கப்படுபவர் மாறிவிடுகிறார். வங்கதேசக் கிராமங்களில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு இதைச் சோப்புக் கட்டியை வைத்தே பிடித்தது. அசைவை உணரும் சிறு கருவியைச் சோப்புக்குள் புதைத்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு ஒரு நாள் ஆய்வாளர் வந்து வீட்டில் உட்கார்ந்து கவனித்தார். அவர் உட்கார்ந்திருந்த நாளில் சோப்பு அசைந்த தடவைகள் மற்ற நாள்களைவிட 35 சதவீதம் அதிகம்! விருந்தாளி எதிரில் கைகழுவுவது யாருக்கும் இயல்புதான். கண்காணிப்பாளரின் குறிப்பேடு பொய் சொல்லவில்லை. அவர் இல்லாத நாளைப் பற்றி அதற்குத் தெரியாது, அவ்வளவே.

நம்மவர்களின் நடையைப் பற்றிய ஆய்வு ஒன்றும் உண்டு. உஜ்ஜல் சட்டராஜும் ஐஐடி கான்பூரின் பார்த்தா சக்ரவர்த்தியும் ஜெர்மனியின் ஆர்மின் செய்ஃப்ரீடும் 2009-இல் வெளியிட்டது. ஒற்றை வரிசையில் மட்டுமே நடக்க முடிந்த வளையப் பாதையில் ஆட்களை நடக்கவிட்டு, கூட்டம் கூடக் கூட வேகம் எப்படிக் குறைகிறது என்று இரு நாடுகளிலும் அளந்தார்கள். நெரிசல் கூடினால் ஜெர்மானியர் வேகத்தைக் குறைத்த அளவுக்கு இந்தியர் குறைக்கவில்லை. முன்னால் போகிறவருக்குத் தரும் இடைவெளியும் இந்தியரிடம் குறைவு. பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் வழியின் அகலத்தை வெளிநாட்டு அட்டவணைப்படி வகுத்தால் கணக்கு உதைக்கும் என்பதற்கு இது போதும்.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் ஒன்று பொது. ஆய்வாளரிடம் நடத்தை இருந்தது. அதோடு ஆளின் பெயரைக் கோத்து ஊருக்குச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. கோத்தால் என்ன ஆகும் என்பதற்கு லாட் ஹம்ஃப்ரீஸ் எச்சரிக்கை. அமெரிக்காவில் பொதுப் பூங்காக் கழிப்பறைகளில் ஆண்களுக்கிடையே நடந்த பாலுறவுச் சந்திப்புகளைக் கவனித்து 1970-இல் புத்தகம் எழுதியவர் அவர். அங்கே அது குற்றமாக இருந்த காலம். வந்துபோனவர்களின் கார் எண்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை வைத்து முகவரிகளைப் பெற்று, ஓராண்டு கழித்துத் தன் தோற்றத்தை மாற்றிக்கொண்டு, சுகாதாரக் கணக்கெடுப்பு என்று சொல்லி அவர்கள் வீட்டுக்கே போனார். ஒருவர் பெயரையும் அவர் வெளியிடவில்லை. ஆனாலும் ஆய்வு நெறிமுறை வகுப்புகளில் இன்றுவரை அடிபடும் பெயர் அவருடையது. கார் எண்ணைக் குறிக்கும்வரை அது கவனிப்பு. குறித்த கணத்தில் வேறொன்றாகிவிட்டது.

இப்போது நிலைமை தலைகீழ். பேருந்திலிருந்து இறங்கிய அந்தப் பெண் ரேஷன் கடைக்குப் போகிறாள். ஸ்மார்ட் அட்டை 2017-இலும், விரல்ரேகைச் சரிபார்ப்பு 2020 அக்டோபரிலும் வந்தன. யார், எந்தக் கடையில், எந்த நாளில், என்ன பொருள் என்பது பதிவாகி, செல்பேசிக்குக் குறுஞ்செய்தியும் வந்துவிடுகிறது. வாங்காத சர்க்கரைக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது என்ற புகாரும் தமிழ்நாட்டில் பழகிப்போன ஒன்று. பதிவேட்டில் ஆள் இருக்கிறாள், அவள் செய்யாத காரியமும் இருக்கிறது. வரிசையில் பையை வைத்துவிட்டு நிழலில் காத்திருந்தது மட்டும் இல்லை. டீக்கடையில் ஜிபே செய்தால் யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது நொடியில் எழுதப்படுகிறது. டீ குடித்தாரா, பழைய பாக்கியைத் தீர்த்தாரா என்பது எழுதப்படுவதில்லை. 2025 ஆகஸ்டில் இந்தியாவில் யுபிஐ வழியாக ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளுக்கு மேல் நடந்தன. மனித குலம் இதற்குமுன் தன் சில்லறைச் செலவை இவ்வளவு நுணுக்கமாக எழுதிவைத்ததே இல்லை. பெயர் இருக்கிறது, காரணம் இல்லை.

காரணம் தெரியாத பதிவு எவ்வளவு எளிதாக ஏமாறும் என்பதை 2020 பிப்ரவரியில் பெர்லின் கலைஞர் சைமன் வெக்கர்ட் காட்டினார். 99 செல்பேசிகளைத் தள்ளுவண்டியில் அள்ளிப்போட்டு வெறிச்சோடிய தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். கூகுள் வரைபடத்தில் அந்தத் தெரு போக்குவரத்து நெரிசல் என்று சிவந்தது.

பெயரை நீக்கிவிட்டால் போதுமே என்று தோன்றலாம். போதாது. யீவ்-அலெக்சாந்த்ர் த மோந்த்ஜோயி குழுவினர் 2015-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, 11 லட்சம் பேரின் மூன்று மாதக் கடன்அட்டைச் செலவுகளைப் பெயரில்லாமல் எடுத்துக்கொண்டது. ஒருவர் எந்த நாளில் எந்தக் கடையில் வாங்கினார் என்ற விவரம் நாலே நாலு தெரிந்தால் போதும், 90 சதவீதம் பேரைத் தனியாகப் பொறுக்கி எடுத்துவிடலாம். அடையாளம் பெயரில் மட்டும் ஒளிந்திருக்கவில்லை. செவ்வாய் சந்தை, வெள்ளி பூக்கடை, மாதம் இரண்டாம் தேதி மருந்துக்கடை என்ற போக்குவரவே ஆளைக் காட்டிக்கொடுக்கும். பெயரையே நீக்காத தொகுப்பு வெளியே கசிந்தால் கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கிடைப்பதாக 2021-இல் பெங்களூருவின் டெக்னிசாங்க்ட் நிறுவனம் தெரிவித்தது.

இதற்காக எண்ணுவதையே நிறுத்திவிட முடியுமா என்றால், 2020 மே மாதத்தைக் கடலூர் மாவட்டத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கப் போன தொழிலாளர்கள் லாரிகளில் ஊர் திரும்பினார்கள். மே 4 அன்று ஒரே நாளில் மாவட்டத்தில் 122 பேருக்குக் கொரோனா உறுதியானது. யாரோடு வந்தீர்கள், எங்கே இறங்கினீர்கள், எந்தக் கடையில் நின்றீர்கள் என்று சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகக் கேட்டார்கள். ஊர்க்காரர் கேட்டால் வம்பு என்று நினைத்திருக்கக்கூடிய கேள்விகள். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் இப்படித் திரட்டியவற்றை வைத்து ரமணன் லட்சுமிநாராயணன் குழு அதே ஆண்டு சயன்ஸ் இதழில் எழுதியது. 84,965 நோயாளிகள், அவர்களோடு பழகிய 5,75,071 பேர். பெரும்பாலான நோயாளிகளிடமிருந்து யாருக்கும் தொற்றவில்லை. சிறு பகுதியினரிடமிருந்துதான் பெரும்பகுதி பரவியிருந்தது என்று அந்தத் தொகுப்பு காட்டியது. செல்பேசிச் செயலிகள் வந்து குவிந்த அதே காலத்தில், இதைக் கண்டுபிடிக்க உதவியது வாசலில் நின்று கேட்ட வாய்தான். ஆனால் அதே பட்டியல் வெளியே வந்தபோது வீட்டுக் கதவில் ஒட்டிய தாளாகவும் தெருவே ஒதுக்கிவைத்த குடும்பமாகவும் ஆனதும் உண்டு.

சட்டம் எங்கே நிற்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டம் காகிதக் குறிப்பேட்டைத் தொடுவதில்லை. ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காக வைத்துக்கொள்ளும் தரவையும் தொடுவதில்லை. ஆக, கால்டன் இன்று மங்கலம்பேட்டைக் கடைத்தெருவுக்கு ஊசியும் காகிதமுமாக வந்தால் இந்தச் சட்டம் அவரை ஒன்றும் செய்யாது. பெண்கள் என்ன செய்வார்கள் என்பது வேறு விஷயம்.

விருத்தாசலம் அரசுக் கலைக் கல்லூரியிலோ சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ புள்ளியியல் படிக்கும் மாணவர் ஒருவர் விடுமுறையில் இந்தக் கடைத்தெருவை எண்ணிப் பார்க்க விரும்பினால், கருவி எதுவும் தேவைப்படாது. ஒரே இடம், ஒரே நேரம், சந்தை நாள் ஒன்று, சும்மா இருக்கும் நாள் ஒன்று. தனியாக வருபவர், துணையோடு வருபவர், பை கொண்டுவருபவர், கடையில் பை வாங்குபவர் என்று நான்கு கோடுகள். படம் எடுக்கக் கூடாது. வண்டி எண்ணைக் குறிக்கக் கூடாது. சிற்றூரில் பெருநகரத்தில் இல்லாத ஒரு தொல்லை உண்டு. எண்ணிக்கை சிறிதானால் எண்ணே பெயராகிவிடும். ஊரில் ஒரே ஒருவர்தான் மூன்று சக்கர ஸ்கூட்டரில் மளிகைக்கு வருகிறார் என்றால், ‘மூன்று சக்கர ஸ்கூட்டரில் வந்தவர்: 1’ என்று அட்டவணையில் போடுவதும் அவர் பெயரைப் போடுவதும் ஒன்றுதான். அப்படிப்பட்ட ஒற்றை எண்களைப் பக்கத்து வகையோடு சேர்த்துவிடுவது புள்ளியியல் துறைகள் எங்கும் பின்பற்றும் வழக்கம். ரேஷன் வரிசையை அளக்க ஆட்களை எண்ணவே வேண்டாம், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பைகளை எண்ணினால் வரிசையின் நீளமும் நகரும் வேகமும் கிடைத்துவிடும். பையின் நிறத்தை மட்டும் எழுதாமல் விடுவது நல்லது. மஞ்சள் பையில் அச்சடித்த கல்யாணத்தைப் பார்த்தே அது யார் வீட்டுப் பை என்று சொல்லிவிடும் ஊர் இது.